தக்காளி மண்டியில் கேட்ட ரூபாவின் கேள்வி

அவைக்குத் தலைமையேற்று எங்களை அரவணைத்து அமர்ந்திருக்கும் மகளிர் குழுக்களின் கூட்டமைப்புத் தலைவி, அன்புக்குரிய நாராயணம்மா அவர்களே. காலையில் மண்டியில் பெட்டிகளை இறக்கிவிட்டு, கை கழுவிய ஈரம் காயும் முன்பே வந்து சேர்ந்திருக்கும் விவசாயப் பெருமக்களே. சூளகிரியில் ஷிப்ட் முடித்து, உறக்கத்தை ஒத்திவைத்து, கண்ணில் சிவப்போடும் நெஞ்சில் சிரிப்போடும் வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே. தமிழில் தாலாட்டி, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் கதை பேசும் என் அருமைத் தாய்மார்களே. மேடைக்கு வரச் சொன்னால் வெட்கப்பட்டு மைக்செட் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இந்த விழாவின் நாயகிகளே, 'பத்து நிமிஷம்' குழுவின் பெண்பிள்ளைகளே: பணி ஓய்வு பெற்ற இந்த அறிவியல் ஆசிரியை உங்கள் எல்லோர் முன்னும் கைகூப்பி நிற்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அன்று நான் நடத்த வேண்டியது மனித இனப்பெருக்கப் பாடம். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் காலத்து ஆசிரியர்கள் பலர் செய்ததையே செய்தேன். புத்தகத்தில் பதினோரு பக்கத்தைச் சேர்த்துப் பிடித்தேன், ஒரே புரட்டாகப் புரட்டினேன், "இதை வீட்டுல படிச்சுக்குங்க" என்றேன். மூன்றாம் பெஞ்சிலிருந்து வீரலட்சுமி எழுந்தாள். அப்பா வேலைக்காகத் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பத்துப் பெண்.

"வீட்டுல கேட்டா டீச்சர்ட்ட கேளுன்னு சொல்லுதாங்க. டீச்சர் வீட்டுல படிங்கீங்க. நான் யார்ட்ட கேக்க?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "உட்கார்" என்றேன். அவள் உட்கார்ந்தாள். அந்தக் கேள்வி மட்டும் உட்காரவே இல்லை.

தாய்மார்களே, நான் கேட்கிறேன். வயதுக்கு வந்த பெண்ணுக்குப் புதுப்பாவாடை வாங்கித் தருகிறோம், பதில் வாங்கித் தந்தோமா? புட்டு சுற்றுகிறோம், பூ வைக்கிறோம், பந்தல் போடுகிறோம், பத்து ஊருக்குச் சொல்கிறோம். அவளிடம் அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னோமா? சொன்னவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். நாராயணம்மா, நீங்கள் தலைவி என்பதற்காகத் தூக்க வேண்டாம், உண்மையாகச் சொன்னவர்கள் மட்டும் தூக்குங்கள். சரி, கையை இறக்கியதற்கு நன்றி.

நாம் சொல்லாததை யார் சொன்னார்கள்? இந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். ஒருத்திக்கு ஒருத்தி சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆறு பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்வது, அதை வாட்ஸாப்பில் தோழிகளுக்கு அனுப்புவது, இவ்வளவுதான். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. இன்று அதற்கு நூறாவது ஞாயிறு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உதாரணம் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது என்று என் பழைய மாணவிகளுக்குத் தெரியும். பள்ளியில் வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். நான் பாடம் எடுத்திருக்கிறேன், நர்ஸம்மா வந்து பேசியிருக்கிறார், சுவரில் படம் ஒட்டியிருக்கிறோம். அத்தனையும் கேட்டுவிட்டு அந்த மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வீசினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்கு ரத்தசோகையே கிடையாது. அப்புறம் இந்தக் குழுவின் கவிப்ரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினாள். "நானும் மொத நாளு வாந்தி எடுத்தேன்பா. வெறும் வயித்துல போட்டா அப்டித்தான் பொரட்டும். சோறு தின்னுட்டுப் போடு, ஒண்ணும் ஆவாது. இப்ப படி ஏறுனா எனக்கு மூச்சு வாங்கறதில்ல." அவ்வளவுதான் பேசினாள். மறுவாரம் ஜன்னலுக்கு வெளியே மாத்திரை விழவில்லை. நான் சொன்னது அறிவுரை. அவள் சொன்னது அனுபவம். பதினாறு வயதுக்குப் பதினாறு வயது சொன்னால் ஏறுகிற செய்தி, அறுபது வயது சொன்னால் ஏன் ஏறவில்லை என்று நான் வருத்தப்படவில்லை. ஏறியதே என்று நிம்மதி அடைந்தேன்.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். கல்யாண மண்டபத்தில் நின்று, நடக்காமல் போன ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். மண்டபத்துக்காரர் மன்னிக்க வேண்டும். முன்வரிசையில் நீலத் தாவணியில் உட்கார்ந்திருக்கிறாளே ரூபா, அவளுடைய கதை. பெயர் சொல்லாமல் பேசட்டுமா என்று நேற்றே அவளிடம் கேட்டேன். "பேரச் சொல்லியே பேசுங்க டீச்சர், எப்டியும் ஊருக்கே தெரியும்" என்றாள். அவள் அம்மா சாந்தம்மாவையும் அப்பா கங்கப்பனையும் கேட்டேன். இருவரும் சம்மதித்தார்கள். அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

கங்கப்பனை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டுமா? நம் ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏலம் கூவுகிறவர். "ரண்டி, பன்னி, வாங்க சாமி வாங்க" என்று தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்று மொழி அழைப்பையும் ஒரே மூச்சில் கோத்து, கடைசி 'வாங்க'வை மலைக்கோட்டை வரை இழுப்பார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படிக் கூவ இன்னொருவர் கிடையாது. அவர் வீடு மண்டிக்குப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது.

அவர் மகள் ரூபா அப்போது பதினொன்றாம் வகுப்பு. 'பத்து நிமிஷம்' குழுவில் ஒருத்தி. பதினெட்டு வயதுக்கு முன்னால் கல்யாணம் கூடாது, அது சட்டம் என்று ஊர்ப் பெண்களுக்கெல்லாம் போனில் எடுத்துச் சொன்னவள் அவள்தான். அவளுக்கே வீட்டில் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை தாய்மாமன், சாந்தம்மாவின் தம்பி ஹரீஷ்குமார். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூர் அருகே கம்பெனி வேலை. தை பிறந்ததும் முகூர்த்தம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

ஊருக்குச் சொன்னவள் தனக்குச் சொல்ல வாய் வராமல் நின்றாள். யாரிடம் சொல்வாள்? ஒரு துண்டுக் காகிதத்தில், வேறு யாரோ அனுப்பிய கேள்வி போல எழுதினாள்: "எனக்குப் பதினாறு வயது. தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள். மாமா நல்லவர். ஆனால் எனக்குப் படிக்க ஆசை. இதை வீட்டில் எப்படிச் சொல்வது?" எழுதிக் குழுவின் கேள்விப் பெட்டியில் போட்டாள்.

குழுவில் ஒரு விதி உண்டு. கேட்டவள் பெயரைச் சொல்லக் கூடாது. கேட்டவள் குரலும் கேட்கக் கூடாது, வேறொருத்திதான் வாசிக்க வேண்டும். தமிழில் தமிழ்செல்வி வாசித்தாள். அவள் குடும்பம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் கவிப்ரியா வாசித்தாள். லைன் வீட்டில் பக்கத்து வீட்டு டிவி சத்தம் என்பதால், ரூபா வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து மூன்றையும் பதிவு செய்தார்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை, குரல் இல்லை. பத்திரம் என்று நினைத்தார்கள்.

ஆனால் அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பதிவு செய்ததை அங்கேயே போட்டுக் கேட்டுச் சரிபார்த்தார்கள். வெளியிலும் ஏலம், போனுக்குள்ளும் ஏலம், எது எது என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் அனுப்பினார்கள். நானும் கேட்டுவிட்டு "நல்லா இருக்கு, அனுப்புங்க" என்றேன். இருபத்தோரு வருடம் ராயக்கோட்டையில் இருந்த காது. நமக்கு அந்தச் சத்தம் மழைக்காலத்துத் தவளைச் சத்தம் மாதிரி. இருப்பதே தெரியாது. குழந்தைகளின் தவறு என்று யாராவது சொன்னால், முதலில் என் காதைத் திருகிவிட்டு அவர்களிடம் போங்கள்.

திங்கட்கிழமை காலை மண்டியில் டீ குடிக்கும் நேரம். சுமை தூக்கும் மாதேஷ் தன் போனில், தன் தங்கைக்கு வந்த அந்தப் பதிவைச் சத்தமாகப் போட்டார்.

"கங்கப்பண்ணா, இங்க வாண்ணா. நீ போன்ல வர்ற பாரு. அந்தப் பொண்ணு பேசறப்ப பின்னாடி நீ கூவற."

"நானா? எங்க, திரும்பப் போடு."

திரும்பப் போட்டார். பத்துப் பேர் கூடினார்கள். முதல் தடவை குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். இரண்டாம் தடவை கேள்வியைக் கேட்டார்கள். பதினாறு வயது, தாய்மாமன், சுவருக்கு அந்தப் பக்கம் கங்கப்பன் குரல். யாரும் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுக் கங்கப்பன் வீட்டுக்கு நடந்தார். அன்று அவர் ஏலம் கூவவில்லை.

ரூபாவின் கையிலிருந்த போன் போனது. பள்ளிக்கூடப் பை பரணுக்குப் போனது. தையில் என்றிருந்த கல்யாணம், அடுத்த புதன்கிழமை, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயிலில் என்று ஆனது. சாயங்காலம் தமிழ்செல்வி அந்த வீட்டு வாசலுக்குப் போனாள். "நீங்க பேசுனது போதும்மா, போயிடு" என்று சாந்தம்மா கதவைச் சாத்தினார்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள் தமிழ்செல்வி. "எல்லாம் என்னாலதேன் டீச்சர். வாசிச்சது நாந்தேன்."

"அழாதே. இப்ப என்ன செய்யலாம்?"

"செய்ய என்ன டீச்சர் இருக்கு? பத்துத் தடவ அடுத்தவளுக்குச் சொல்லியிருக்கோம். நாங்களே செய்யலைன்னா எப்டி?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே 1098-க்குப் போன் செய்தாள். குழந்தைகளுக்கான உதவி எண். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் பெயர், வயது, இடம், தேதி எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். ஒரு சொல்கூட நடுங்கவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். பேசினார்கள். பதினெட்டு முடியும்வரை கல்யாணம் செய்ய மாட்டோம் என்று கங்கப்பனிடமும் சாந்தம்மாவிடமும் எழுதி வாங்கினார்கள். அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு. அந்த அப்பாடா ஒரே ஒரு ராத்திரிதான் நிலைத்தது. மறுநாள் கங்கப்பன் சொன்ன வார்த்தை இது: "சரி, கல்யாணம் வேணாம். ஸ்கூலும் வேணாம். என்னை மண்டியில தல குனிய வச்சவ வூட்டுலயே கெடக்கட்டும்."

அன்பர்களே, சட்டம் ஒரு தாலியைத் தடுக்கும். ஒரு தகப்பனின் மனதைத் திறக்குமா? காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. ஆனால் பரணில் ஏறிய பை இறங்கவில்லை. ஒன்பது நாள் ரூபா வாசல் தாண்டவில்லை. அரையாண்டுத் தேர்வு ஆரம்பிக்க மூன்று நாள்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தப் பதிவு ஒரு வேலை செய்தது. அதன் கன்னடப் பிரதி கையிலிருந்து கைக்குப் போய், எல்லை தாண்டி, மாலூரில் ஒரு கம்பெனி பஸ்ஸுக்குள் போய்ச் சேர்ந்தது. முன்சீட்டில் ஒரு பெண் அதைப் போட்டுக் கேட்க, பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனுக்குச் சிரிப்பு வந்தது. பின்னணியில் கேட்ட 'பன்னி' அவனுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கமான குரல். அக்கா வீட்டுக்காரர் குரல். யார் அந்த இளைஞன்? ஆமாம், பின்வரிசையில் சரியாகச் சொல்கிறீர்கள். ஹரீஷ்குமார்தான். கல்யாணம் தள்ளிப்போகிறது என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். சிரித்தவன் கேள்வியைக் கேட்டான். சிரிப்பு நின்றது.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே பைக்கில் அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கினான். அங்கே நடந்ததைச் சாந்தம்மா என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"வாப்பா மாப்ள" என்றார் கங்கப்பன்.

"மாப்ளேன்னு கூப்டாதீங்க மாமா. எப்பவும் போல ஹரீஷான்னே கூப்டுங்க."

"ஏன்டா, உனக்கு என்னா வந்துச்சு?"

"எனக்கு ரூபாவக் கட்டிக்கற எண்ணமே இல்ல மாமா. அவ சைக்கிள் கத்துக்கறப்ப பின்னாடி புடிச்சுட்டு ஓடுனவன் நானு. எனக்கு எப்டி மனசு வரும்?"

"அப்ப இத்தன நாளு ஏன்டா வாயில கொழுக்கட்ட வச்சிருந்த?"

"பொண்ணு ஆசப்படுதுன்னு அக்கா சொன்னா. வேணாம்னா புள்ள மனசு ஒடஞ்சுடுமேன்னு பேசாம இருந்தேன்."

கங்கப்பன் சாந்தம்மா பக்கம் திரும்பினார். "ஏன்டி, ரூபா ஆசப்படுதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"எங்கம்மா சொல்லுச்சு. நீதான் ஆசப்படறன்னும் சொல்லுச்சு."

"நானா? நீ தம்பி தம்பின்னு உருகறியேன்னு தானே நான் சரின்னேன்."

பார்த்தீர்களா? பெண்ணுக்கு விருப்பம் இல்லை. மாப்பிள்ளைக்கு விருப்பம் இல்லை. அம்மாவுக்கும் பெரிய விருப்பம் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. யாருக்குமே வேண்டாத கல்யாணத்துக்கு எல்லோரும் சேர்ந்து தேதி குறித்திருக்கிறார்கள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நம் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு, புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஏலத்தில் விலை நின்றதும் சரக்கு உடனே கை மாறாது. கூவுகிறவர் அதைக் கொண்டுவந்த விவசாயியைப் பார்த்து, "குடுக்கலாமா சாமி?" என்று மூன்று முறை கேட்பார். அவர் வேண்டாம் என்று தலையசைத்தால் பெட்டியை யாரும் தொடக் கூடாது.

அடுப்பில் வைத்திருந்ததை இறக்கிவிட்டுச் சாந்தம்மா கேட்டார்: "தெனம் காலைல மூணு மூணு வாட்டி 'குடுக்கலாமா, குடுக்கலாமா'ன்னு ஊரெல்லாம் கேக்கற மனுசன், இந்த வூட்டுல யாரக் கேட்ட? இவனக் கேட்டியா? அவளக் கேட்டியா? என்னையுந்தான் கேட்டியா? நானும் கேக்கல. ரெண்டு பேருமே கேக்கல."

கங்கப்பன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, மண்டிக் குரலில் இல்லை, யாருக்கும் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில், "ரூபா, இங்க வாம்மா" என்றார்.

"உனக்கு என்னாம்மா வேணும்?"

ரூபா பரணில் கிடந்த பையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. என்னா வேணும்?"

ரூபா மாமாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"பயப்படாம சொல்லு. அப்பன் கேக்கறேன்."

"படிக்கணும்ப்பா."

"என்னா படிக்கணும்?"

"அது இன்னும் தெரியல. தெரிஞ்சுக்கத்தான் படிக்கணும்."

கங்கப்பன் ஸ்டூலைப் போட்டு ஏறினார். பரணிலிருந்து பையை இறக்கினார். தூசியைத் தன் தோள் துண்டாலேயே தட்டினார். மூன்றாம் நாள் ரூபா தேர்வு எழுதினாள். இன்று அவள் பன்னிரண்டாம் வகுப்பு. மாப்பிள்ளையாக வர இருந்தவன் மாமாவாகவே நிற்கிறான். போன மாதம் அவளுக்கு ஒரு பழைய லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தான். நிம்மதி என்ற சொல்லை நான் ஆயிரம் முறை எழுதியிருப்பேன். அதன் பொருள் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது.

பிள்ளைகள் தங்கள் தவறையும் விடவில்லை. புது விதி ஒன்று போட்டார்கள். எந்தப் பதிவும் வெளியே போகும் முன்னால் வேறு ஊர்க் காது ஒன்று கேட்க வேண்டும். நம்மூர்ப் பதிவை, மத்திகிரியில் இதே போல் பேசிப் பதிவு செய்யும் சௌமியா கேட்கிறாள். "அக்கா, பின்னாடி குக்கர் விசில் மூணு, அப்புறம் ஒரு தாத்தா இருமறார்" என்று எழுதி அனுப்புகிறாள். சௌமியா அனுப்பும் பதிவில் அவள் ஊர்க் கால்நடைப் பண்ணை மாடுகள் கத்துவது அவளுக்குக் கேட்பதே இல்லை, அதை நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவரவர் ஊர்ச் சத்தம் அவரவர் காதுக்குக் கேட்பதில்லை. அதற்குத்தான் அடுத்தவள் வேண்டும். தோழி தோழிக்குக் கற்றுத் தருவது என்றால் வேறென்ன?

பெண்ணுக்குக் குரல் கொடுக்கிறோம், குரல் கொடுக்கிறோம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவளுக்குக் குரல் இல்லையா? தொட்டிலில் கிடந்தபோதே மூன்று தெருவுக்குக் கேட்டதே, அது யார் குரல்? தோழியோடு பேசும்போது துள்ளுகிறதே, அது யார் குரல்? கண்ணைத் துடைத்துக்கொண்டே உதவி எண்ணை அழைத்து, நடுங்காமல் பேசியதே, அது யார் குரல்? குரல் அவளிடம் இருக்கிறது. கூர்மையும் இருக்கிறது. கொள்கையும் இருக்கிறது. இல்லாமல் போனது நம் வீட்டுக் காது. போனைப் பிடுங்கினால் பெண் பத்திரமாகிவிடுவாள் என்று நினைக்கிற அப்பாக்களே, அந்தப் போன் போகாத இடத்துக்கெல்லாம் போய், பேசாத வாயையெல்லாம் பேசவைத்து, ஒரு வீட்டையே காப்பாற்றியதே! பயப்பட வேண்டியது அவள் பேசுவதற்கா, பேசாமல் இருப்பதற்கா?

நூறு ஞாயிறு நடத்திக் காட்டிய என் கண்மணிகளுக்கும், தலைகுனிவைத் தாண்டித் தலைநிமிர்ந்து இங்கே வந்திருக்கும் கங்கப்பனுக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட சாந்தம்மாவுக்கும், இந்தக் கிழவியின் உதாரணங்களைப் பொறுத்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. போய் வருகிறேன், வணக்கம்.

போகும்போது ஒரே ஒரு வீட்டுப்பாடம். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள்; அவள் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.